இரண்டாவது வால்

அந்தப் பாட்டு முதல்முறையாகப் பிசிறில்லாமல் ஒலித்தபோது அவள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். கேட்பதற்காக மூடவில்லை, தொட்டி நிறைந்துவிட்டது, அதனால்தான் மூடினேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

முன்னறையில் கணவர், "ஆஹா!" என்றார். மேசையை உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. "மச்சான், இன்னொரு தடவை போடுடா. ஒரே ஒரு தடவை."

அவள் தம்பி இன்னொரு தடவை போட்டான். இரண்டு கால்குலேட்டர்கள் சேர்ந்து பாடின. ஒன்று மேல்குரல், மற்றது கீழ்க்குரல். கல்லூரிப் பிள்ளைகள் சமன்பாட்டைத் தட்டி வளைகோடு வரைந்து பார்ப்பதற்காகச் செய்த கருவிகள், தொலைவில் யாரோ இரண்டு பேர் வாயைத் திறக்காமல் பாடுவது போல முனகின. நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சுமாராக இருந்திருந்தால் ஈரக்கையோடு ஓடிப்போய் அவளே தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பாள்.

"ஏம்மா, கேட்டியா?" என்று கணவர் குரல் கொடுத்தார்.

"கேட்டேன், கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கதவுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக எதையெதையோ தவறவிடுவார்கள். எல்லாம் அடியிலுள்ள குழியில் போய்க் கிடக்கும். சாவிக்கொத்து, சீப்பு, ஒற்றைக் கம்மல். கல்யாணமான புதிதில் ஒருநாள் அப்படிக் கிடந்த ஒரு கிராஃப் கால்குலேட்டரை எடுத்து வந்தார். திரை பாதி செத்திருந்தது. உரியவர் யாரென்று கட்டடத்தில் விசாரித்தார், யாரும் வரவில்லை. மேசையில் வைத்துப் பிரித்துத் திரையின் நாடாவை மறுபடி ஒட்டினார். அது உயிர் பெற்றதும், "இப்போ இதை வெச்சு என்ன பண்றது?" என்று கேட்டார். அவருக்குப் பிரிக்கவும் பூட்டவும் தெரியும், கணக்கு ஆகாது.

அவளுக்குக் கணக்கு ஆகும். செவித்துணைக் கருவிகளைப் பழுது பார்க்கும் கடையில் நாள் முழுக்கக் காதும் கையுமாக உட்கார்ந்திருப்பவள் அவள். அந்தக் கால்குலேட்டரில் ஒலிபெருக்கி கிடையாது. பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருக்கும். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு நிரல்களை அனுப்ப அதில் ஒரு கம்பியைச் செருக வேண்டும். அந்த ஓட்டை வழியாக மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடினால், அதில் மாட்டிய ஹெட்போன் முனகும் என்று அவள் எங்கோ படித்தாள். எவ்வளவு வேகமாகத் திறந்து மூடுகிறோமோ அதுதான் சுருதி. கருவியின் உள்ளே ஓடும் துடிப்புகளை எண்ண வேண்டும். இந்தக் கட்டளைக்கு இத்தனை துடிப்பு, அந்தக் கட்டளைக்கு அத்தனை. கூட்டி, கழித்து, ஒரு சுற்றுக்குச் சரியான எண்ணிக்கை வந்தால் சரியான சுரம் வரும். ஒரு துடிப்பு கூடினாலும் காது கண்டுபிடித்துவிடும். குறைந்தபட்சம் அவள் காது கண்டுபிடித்துவிடும்.

அவள் எழுதினாள், அவர் பற்றவைத்தார். உள்ளே ஒரு கெப்பாசிட்டரை மாற்றிக் கருவியை வேகமாக ஓட வைத்தார். பழைய கடையில் இன்னொரு கருவியும் வாங்கி வந்து, ஒன்றின் திரைக்குப் பின்னால் விளக்கு பொருத்தினார். பழைய சோப்பு டப்பாவில் ஒலிபெருக்கி செய்தார். இதே பைத்தியம் பிடித்த ஊர்ப்பட்ட பேர் இணையத்தில் ஒரு குழுவாக இருந்தார்கள். அங்கே சேர ஒரு பட்டப்பெயர் வேண்டும். ஒரே கம்பிக்கு இரண்டு முனை இருப்பது போல நாம் இரண்டு பேரும் என்று சொல்லி, 'ரெட்டைவால்' என்று அவர்தான் பெயர் வைத்தார். குறும்பான பிள்ளைகளைத் திட்டும் பெயர். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அந்தப் பெயரும் தங்கள் இருவருக்கு மட்டும் உரியவை என்று அவள் நினைத்திருந்தாள். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இதையெல்லாம் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

பிறகு தம்பி வந்தான்.

அவன் ஓர் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவன். குழு உடைந்தது. பாடகர் ஒரு பக்கம், டிரம்ஸ்காரர் ஒரு பக்கம் போக, இவன் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். முதலில் அறையை விட்டே வெளியே வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கலக்கா" என்பான். அவள் தட்டை மூடி வைப்பாள்; அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது கணவரும் அவனும் மேசையில் குனிந்து தலையோடு தலை முட்ட எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய நிரல்தான். அதிலிருந்த எண்களை அவன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

"எண்ணாம மாத்தக்கூடாதுடா" என்றாள் அவள்.

"எதுக்கு எண்ணணும்? காதால கேட்டா தெரியலையா?" என்றான் அவன். "இதோ பாரு, கொஞ்சம் ஏத்து... இன்னும் கொஞ்சம்... ம், வந்துடுச்சு."

வந்துவிட்டது. அவள் ஒரு ஞாயிறு முழுக்கக் கூட்டிக் கழித்து எட்டிய இடத்துக்கு அவன் டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். கணவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். அது ஒரு காலத்தில் அவளுக்குக் கிடைத்த பார்வை.

அன்றிலிருந்து அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டது. அது எரிச்சல் என்று முதலில் நினைத்தாள். தம்பி செய்வது முறையான வேலையே அல்ல, அதனால்தான் எரிச்சல். பிறகு அது கவலை என்று நினைத்தாள். இவன் பிழைப்பைப் பார்க்காமல் இப்படிப் பொழுதைப் போக்குகிறானே என்று. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே போகும்போது ஒருநாள் அதற்குச் சரியான பெயர் வந்தது. உடனே ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கண்ணாடியில் தெரிந்த முகம் அதைக் கேட்டுவிட்டது போல. சொந்தத் தம்பி. அவள் தோளில் தூக்கி வளர்த்த தம்பி. அவனுக்கு ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷப்பட வேண்டியவள். யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாய் என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது. கணவரைப் பறித்துக்கொண்ட தம்பியையா, தம்பியைச் சிரிக்க வைத்த கணவரையா? இரண்டு பக்கமும் சுட்டது.

அவர்கள் கூப்பிடாமல் இல்லை. "வாயேன், வந்து கேளேன்" என்பார் கணவர். கேட்கத்தான் கூப்பிட்டார், செய்யக் கூப்பிடவில்லை.

குழுவின் வருடாந்தரக் கூட்டம் நெருங்கியது. பொது நூலகத்தின் மாடியில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு மேசை போட்டு, அவரவர் செய்ததைக் காட்டுவார்கள். அவளும் அவரும் தவறாமல் போவார்கள். அவள் வாய் திறந்து பேசுகிற ஒரே கூட்டம் அதுதான். இந்த முறை இரண்டு குரல் பாட்டு போகப்போகிறது என்று தெரிந்ததும், "என்ன பேர்ல குடுத்திருக்கீங்க?" என்று கேட்டாள். துணி மடித்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"நம்ம பேர்லதான். ரெட்டைவால்."

அவள் ஒரு சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"ரெட்டைன்னா ரெண்டு பேரு" என்றாள்.

"ஆமா. நானும் அவனும் செஞ்சது. அவன் என்ன வெளியாளா? உன் தம்பிதானே." அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவன் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு, நீ கவனிச்சியா? அன்னிக்கு சாயங்காலம் இந்தப் பெட்டியைக் கையில குடுத்தேன். ஆளு அப்படியே மாறிட்டான்."

கவனித்தாயா என்ற கேள்வி அவளைக் குத்தியது. தன் தம்பி சிரிக்காமல் இருந்ததைத் தான் கவனிக்கவில்லை, இவர் கவனித்திருக்கிறார். அந்த நல்லதனத்திலும் இவர்தான் முந்திக்கொண்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அந்த வீட்டில் புதிதல்ல. ஆகவே அவருக்கு அதில் எதுவும் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு பகல் முழுக்க இருவரும் பாட்டை ஓட விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாள். படித்த பக்கத்தையே படித்தாள். மத்தியானத்துக்கு மேல் பாட்டில் ஒரு நடுக்கம் நுழைந்தது. இரண்டு குரலும் சேரும் இடத்தில் ஒலி ஏறி இறங்கியது, நிற்காத மெல்லிய அலை போல. அவள் புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்தாள்.

காரணம் உடனே புரிந்துவிட்டது. அந்த மலிவான கருவிகளின் துடிப்பு கடிகாரத்தின் துடிப்பைப் போல நிலையானதல்ல. பேட்டரி தளர்ந்தால் துடிப்பும் தளரும். துடிப்பு தளர்ந்தால் சுருதி இறங்கும். கீழ்க்குரல் பாடும் கருவியில் கணவர் விளக்கு பொருத்தியிருந்தார். விளக்கு பேட்டரியைக் குடித்துவிடும். ஆகவே அது மற்றதைவிடச் சீக்கிரம் இறங்குகிறது. கிட்டத்தட்ட ஒன்றான இரண்டு சுருதிகள் உரசும்போது வருவதுதான் இந்த அலை. தம்பி இரண்டையும் புதுப் பேட்டரியில் வைத்துக் காதால் இழைத்திருந்தான். எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும்: எண்ணுகிறவனுக்கு எதை நம்பி எண்ணுகிறோம் என்ற கேள்வி வந்தே தீரும்.

முன்னறையில் குழப்பம். "என்னடா இது, அழுவுற மாதிரி இருக்கு?" என்றார் கணவர்.

"தெரியல அத்தான். கம்பி லூசா இருக்குமோ?"

கம்பியை மாற்றினார்கள். பற்றவைத்த இடங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நிரலை அழித்து மறுபடி ஏற்றினார்கள். கடைசியில் திரை மங்கியதால் பேட்டரியை மாற்றினார்கள், நடுக்கம் போய்விட்டது. எதனால் போனது என்று யோசிக்காமல், "சரியாயிடுச்சு!" என்று கைகொட்டினார்கள்.

ஒரு வார்த்தை போதும். விளக்கை அணைத்து வை, அல்லது மேசைக்குப் போகும் முன் பேட்டரியை மாற்று. எழுந்து நாலு எட்டு நடந்தால் சொல்லிவிடலாம். அவள் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். கூடத்தில் காலையிலிருந்து விளக்கு எரிய அடுக்கி வைப்பார்கள், இவர்கள் முறை மத்தியானம்தான் வரும். அவளுக்கு எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. தெரிந்தே பக்கத்தைப் புரட்டினாள்.

நூலக மாடியில் நல்ல கூட்டம். குழுவை நடத்துகிறவரை எல்லோரும் ஆமை என்பார்கள். மெதுவாகப் பேசுவார், எதையும் விடமாட்டார். ஒருவர் கால்குலேட்டரில் மீன்தொட்டி செய்திருந்தார். ஒரு பெண் அதன் விசைகளைப் பெயர்த்துக் கண் தெரியாதவர்களுக்குத் தோதாகப் புடைத்த விசைகள் பொருத்தியிருந்தாள். 'ரெட்டைவால்' என்று எழுதிய அட்டைக்குப் பின்னால் கணவரும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எதிரே, பார்வையாளர்கள் வரிசையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, கட்சி மாறிட்டீங்களா?" என்றார் ஆமை.

"இந்த வருஷம் லீவு" என்றாள் அவள்.

"அப்போ இவரு?"

"என் தம்பி."

"ஓ, வீட்டுக்குள்ளயே ஆள் மாத்திட்டாரா! கெட்டிக்காரர்தான்." அவர் சிரித்துவிட்டுப் போனார். வேடிக்கைக்குச் சொன்னதுதான், ஆனால் அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

அவர்கள் முறை வந்தது. இருவரும் கண்ணைப் பார்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினார்கள். முதல் சுரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இறங்கியிருந்தது, அவள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக. தம்பியின் முகம் வெளுத்தது. கணவர் சோப்பு டப்பாவை உற்றுப் பார்த்தார். பாட்டு தொடர்ந்தது. இரண்டு குரலும் ஒன்றையொன்று தொடப் போய்த் தொட முடியாமல் நடுங்கின. கீழ்க்குரல் ஒரு நூலிழை பின்தங்கி வந்தது, அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்குவது போல.

கூடம் அடங்கிப்போயிற்று. மீன்தொட்டிக்காரர் தன் கருவியை அணைத்தார். பாட்டு முடிந்தது. பிறகு கைதட்டல். புடைத்த விசைகள் செய்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யப்பா" என்றார் ஆமை. "அந்த நடுக்கத்தை எப்படிக் கொண்டு வந்தீங்க? இந்தப் பெட்டிக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கும்னு நான் நினைச்சதே இல்ல."

தம்பி கணவரைப் பார்த்தான், கணவர் தம்பியைப் பார்த்தார். "அது... வந்துடுச்சு" என்றான் தம்பி.

தன்னடக்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கைதட்டினாள், தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே. பாட்டு உடையட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். உடைந்தது. உடைந்ததால்தான் கைதட்டல். அவள் வாயை மூடியதே அவர்களுக்குப் பரிசாகப் போய்விட்டது. சொல்லியிருந்தால் நல்ல பாட்டு என்பதோடு முடிந்திருக்கும்!

குழுவின் பக்கத்தில் போடுவதற்காக ஆமை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி, ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். எச்சரிக்கையாகக் கணவர் கம்பிகளை அழுத்திச் செருகி, நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று புதுப் பேட்டரியும் போட்டார். பாட்டு பிசிறில்லாமல், சுத்தமாக, பல் விளக்கிய முகம் போல வந்தது. ஆமை தலையைச் சாய்த்துக் கேட்டார். "இல்லையே. முன்னாடி கேட்டது வேறயாச்சே."

"வீட்டுல பதிவு பண்ணி அனுப்புறோம்" என்றார் கணவர்.

அதன் பிறகு வீட்டில் நிம்மதி இல்லை. தம்பி எண்களை மாற்றினான். செயற்கையாக நடுக்கத்தை எழுதிப் பார்த்தான். ஆட்டோ இன்ஜின் போலக் கேட்டது. கம்பியை வேண்டுமென்றே தளர்த்தினான். கணவர் ஒலிபெருக்கியை மூன்று விதமாகத் திருப்பி வைத்தார். ஆமை நாளொரு செய்தி அனுப்பினார். அவள் பரிமாறினாள், தட்டை எடுத்தாள், படித்தாள். அவள் நெஞ்சில் ஒரு சின்னக் குரூரமான இதம் இருந்தது. அவர்கள் தேடும் பொருள் அவள் முந்தானையில் முடிந்திருக்கிறது. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கும்வரை அவிழ்ப்பதாக இல்லை.

ஒருநாள் மதியம் தம்பி அவளுடைய கடைக்கு வந்தான்.

கடை சின்னது. முன்னால் கண்ணாடிக் கதவு, வாடிக்கையாளருக்கு ஒரு நாற்காலி, பின்னால் அவளுடைய மேசை. பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு செவித்துணைக் கருவியின் வாயை அடைத்திருந்த அழுக்கை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து கால்களை ஆட்டினான்.

"காது கேக்கலையா சாருக்கு?" என்றாள்.

"ஆமா டாக்டர். ரெண்டு காதும் ஏமாத்துது."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

"அக்கா, அந்த நடுக்கம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "உனக்குத் தெரியும்ல?"

"யாரு அனுப்பினா? அத்தானா?"

"இல்ல. நான் வந்தது அவருக்குத் தெரியாது." அவன் கண்ணாடிக் கதவைப் பார்த்தான். "எனக்கு எதுவுமே எண்ணத் தெரியலக்கா. கேக்கத்தான் தெரியுது. கேட்டது ஒரு தடவை வந்துட்டுப் போயிடுச்சுன்னா எங்க போய்த் தேடுறதுன்னு தெரியல. நீயா இருந்தா தேடுவே."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். வெளியே ஒரு வண்டி பின்னால் நகரும் கூவல் கேட்டு ஓய்ந்தது. அவன் கேட்டுவிட்டான். கேட்க வேண்டும் என்று அவள் விரும்பிய ஆள் இவன் அல்ல. ஆனாலும் கேட்டான், வெட்கத்தை விட்டு இத்தனை தூரம் வந்து கேட்டான்.

"பேட்டரிடா" என்றாள். "புதுசு போடாதே. விளக்கு இருக்கிற மெஷினை காலையிலேர்ந்து எரிய விடு. மத்தியானம் வாசி."

அவன் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கூடத்துல உட்கார்ந்திருந்தப்பவே தெரியுமா?"

"சாப்பிட்டியா நீ?" என்றாள் அவள். அவன் புரிந்துகொண்டு எழுந்தான்.

அந்த ஞாயிறு அவள் அடுப்பில் பாலை வைத்திருந்தாள். முன்னறையில் பாட்டு தொடங்கியது. நடுங்கியது. கூடத்தில் கேட்டதேதான், இன்னும் நெருக்கமாக. பாட்டு முடிந்ததும் கணவரின் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.

"டேய்! டேய் மச்சான்! எப்படிடா கண்டுபிடிச்சே?"

அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்வான். அக்கா சொன்னா அத்தான் என்று. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை நாள் காய்ந்து கிடந்தாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

தம்பி ஏதோ பொத்தானைத் தட்டும் சத்தம். பிறகு, "சும்மா... போட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன் அத்தான். மாட்டிக்கிச்சு" என்றான்.

ஆத்திரம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறு. அவனும்! அவனும் அவளை மறைக்கிறான். பொருட்படுத்தாத ஆளை யாரும் மறைப்பதில்லை. அக்கா எண்ணத் தெரிந்தவள் என்பதும், அத்தான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் தன் இடம் போய்விடும் என்பதும் இவனுக்கும் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாள் அவள் தனியாக எரிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். நல்ல உணர்ச்சி இல்லைதான். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ முடிச்சு இளகியது.

அடுப்பைக் குறைத்துவிட்டு வாசல்நிலையில் போய் நின்றாள்.

"கேட்டியா?" என்றார் கணவர், முகமெல்லாம் பூரிப்பாக. "உன் தம்பி கண்டுபிடிச்சுட்டான்."

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் காது மடல்கள் சிவந்தன. அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் குட்டு உடையும். ஆனால் அந்த வார்த்தை அங்கேயே நிற்காது. உனக்கு எப்போது தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அவனைக் காட்டிக்கொடுத்தால் அவளும் சேர்ந்துதான் அகப்படுவாள். இப்படியே திரும்பிப் போய்விடலாம். திரும்பிப் போவது அவளுக்குக் கைவந்த கலை.

"கீழ்க்குரல் கொஞ்சம் அதிகமா இறங்கிடுச்சு" என்றாள். "விளக்கை சீக்கிரமே போட்டுட்டான். நான் காலையிலன்னு சொன்னேன், இவன் விடியறதுக்கு முன்னாடியே போட்டிருக்கான்."

கணவரின் பூரிப்பு அப்படியே நின்றது. தம்பியைப் பார்த்தார். அவன் மேசையைப் பார்த்தான். லிஃப்ட் எந்த மாடியில் சிக்கியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவர் அவர். அதிக நேரம் பிடிக்கவில்லை.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்றார் மெதுவாக.

"முதல்லேர்ந்தே."

"நாங்க இங்க மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தப்பவும்?"

"ஆமா."

"கூட்டத்துக்கு முன்னாடியேவா? அங்க போய் அசிங்கப்பட்டிருந்தா?"

அவள் தலையசைத்தாள். அதற்கும் ஆமாம்தான்.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவர் முகத்தில் கோபம் வருவதையும், எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அது தடுமாறுவதையும் அவள் பார்த்தாள். பார்வையைத் தாழ்த்தவில்லை.

தம்பிதான் முதலில் வாய் திறந்தான். "நல்ல அக்கா."

"நல்ல தம்பி" என்றாள் அவள்.

கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே வயித்துல பொறந்ததுங்கதானே ரெண்டும்" என்றார். சிரித்தாரா, அலுத்துக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். இரண்டு கருவிகளையும் மேசையின் நடுவுக்கு நகர்த்தினார். பழைய பேட்டரிகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கை முழுதாக நீளவில்லை. வருத்தம் மீதி இருந்தது.

"சரி. இப்ப கேக்குறேன். எது எவ்வளவு தளர்ந்திருக்கணும்? எண்ணிச் சொல்லு."

இந்தக் கேள்விக்கு உடனே ஓடிப்போய் மேசையில் விழுவாள் என்று அவளே எதிர்பார்த்திருந்தாள். கால் நகரவில்லை. இத்தனை நாள் அவள் காத்திருந்தாளே, இனி அவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

"பால் பொங்கிடும்" என்றாள். அடுப்படிக்குத் திரும்பினாள்.

பால் பொங்க இன்னும் நேரம் இருந்தது. தீயைக் கூட்டவில்லை. கரண்டியால் மேலே படிந்த ஆடையை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, காதை முன்னறைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். ஒரு நாற்காலி லேசாக அசைந்தது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அதன் பிறகு சத்தமே இல்லை. யாரும் பொத்தானை அழுத்தவில்லை.